கேஸ்கட்டில் சிவப்பு பேஸ்ட்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. என் கை பட்டது, என் காதில் விழுந்தது. முதலில் என் சித்தப்பா மகனிடம்தான் சொன்னேன். "ராத்திரி எத்தன ரவுண்டு?" என்று சிரித்தான். நான் குடிப்பதில்லை. அதோடு இது ராத்திரியும் இல்லை. போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு பத்துக்குத் தொடங்கியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய் இருட்டினால்தான் வரும் என்று நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள். பகலிலாவது அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

என் பெயர் வெற்றிச்செல்வன். சொந்த ஊர் தெள்ளார் பக்கம். ஆரணிக்கு வந்து மெக்கானிக்காகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வேலூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் ஒர்க் ஷாப். அதன் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "அதுக்கு எத்தன சி.சி. இன்ஜின்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அப்படி ஒரு ஆள் நான்.

தனியாகத்தான் இருக்கிறேன். மனைவி சங்கீதா, மகள் சரண்யாவை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய் அப்போதே இரண்டு வருடம் முடிந்திருந்தது. சண்டை இல்லை, அடிதடி இல்லை. "உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் எனக்கு ஒண்ணுதாங்க" என்றாள், பையை எடுத்தாள், போனாள். இரண்டும் ஒன்றல்ல என்பது அவள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மற்ற நாட்களில் வேலை இழுத்துக்கொள்ளும். ஞாயிறுதான் பேஜார். செல்போனில் எஃப்.எம். போட்டு வைத்துவிடுவேன். பாட்டுக்காக இல்லை. கொட்டகையில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று காலை பதினொன்று இருபதுக்கு ஜெயக்குமார் வந்தார். லோடு ஆட்டோவில் கயிறு கட்டி அவருடைய பழைய பெட்ரோல் வேனை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். சாம்பல் நிற வேன். பின் சீட்டில் அவர் மனைவி சாவித்திரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, தண்ணி குடிக்குதுண்ணா. எவ்ளோ ஊத்தினாலும் பத்தல. வெள்ளிக்கெழம கண்ணமங்கலத்தாண்ட நின்னுகினு அசையவே மாட்டேன்னுடுச்சு" என்றார் ஜெயக்குமார்.

"எங்க போய்கினு இருந்தீங்க?"

"இவங்களுக்கு டயாலிசிஸ். வேலூர்ல. வாரத்துக்கு மூணு நாளு. வெள்ளிக்கெழம தப்பிப்போச்சு. நாளைக்கு விடியகாலம் அஞ்சு மணிக்கு வண்டி கெளம்பணும். வேற வண்டி கேட்டுப் பாத்தேன், அந்த நேரத்துக்கு எவனும் வர மாட்டேன்றான். நாளைக்கும் தப்பிச்சுன்னா... டாக்டரு கைய விரிச்சிடுவாருண்ணா."

சாவித்திரியின் கால்களைப் பார்த்தேன். வீங்கியிருந்தன. கால் விரலில் மெட்டி சதைக்குள் பதிந்து கிடந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பொறுமையாவே பாருங்கண்ணா. நடுரோட்ல நிக்காம போய் சேந்தா போதும்" என்றார்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும். போய் படுங்க" என்றேன். அவர்கள் அதே லோடு ஆட்டோவில் கிளம்பிப் போனார்கள்.

வியாதி என்னவென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த வேனில் முன் சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின். அதன் பக்கத்தில் மேனிஃபோல்டு என்று ஒரு வார்ப்புக் குழாய் இருக்கும். பெட்ரோலும் காற்றும் அதன் வழியாகத்தான் இன்ஜினுக்குள் போகின்றன. இந்த வண்டியில் சுடுதண்ணீரும் அதற்குள்ளேயே ஓடுகிறது. மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே தகடு போல ஒரு கேஸ்கட் உட்காரும். அது போய்விட்டால் தண்ணீர் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கும். வண்டி தண்ணீர் குடிக்கும், சூடேறும், நின்றுவிடும். புது கேஸ்கட்டை ஜெயக்குமாரே வேலூரில் வாங்கி வைத்திருந்தார். ஒன்றே ஒன்று.

ஒரு மணி ஐந்துக்கு மேனிஃபோல்டைக் கழற்றினேன். கழற்றியதும் கொஞ்சம் அசந்துபோனேன்.

பழைய வண்டியைப் பிரித்தால் இணைப்பில் கறுப்பும் சிவப்புமாக அழுக்கு அப்பியிருக்கும். அதைச் சுரண்டுவதற்குள் உயிர் போய்விடும். இதில் ஒன்றுமே இல்லை. பழைய கேஸ்கட் ஒரு மூலையில் வெடித்திருந்ததைத் தவிர, இரண்டு பக்க முகமும் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. போல்ட் துளைகளின் விளிம்பில்கூட ஒரு பிசிர் இல்லை. "யாருடா இவன், நம்மள விட வேலக்காரனா கீறான்?" என்று வாய்விட்டே சொன்னேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

புது கேஸ்கட்டில் துளைகளைச் சுற்றி மெல்லிய ரப்பர் வரி ஓடியது. அட்டைப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை போட்டு, ஒரு டியூப் படத்தின் மேல் குறுக்குக் கோடு இழுத்திருந்தார்கள். கசிவை அடைக்கப் பூசுகிற பேஸ்ட்டைப் போடாதே என்று அர்த்தம். நான் சிரித்தேன். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பெட்டியில் படம் போடுகிறவனுக்கு நம் ரோடு தெரியுமா, நம் வெயில் தெரியுமா? இருபத்திரண்டு வருடமாக என் கை வழியே போன எந்த இணைப்பும் பேஸ்ட் இல்லாமல் போனதில்லை. அதுவும் சிவப்பு பேஸ்ட், இரண்டு பக்கமும், விரல் கனத்துக்கு.

இரண்டு பத்துக்கு பேஸ்ட் போட்டேன். மேனிஃபோல்டை ஏற்றி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கிவிட்டேன். பேஸ்ட் கொஞ்சம் இறுகிய பிறகுதான் ஸ்பானர் போட வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். வெயில் உள்ளே அடிக்காமலிருக்க ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் பின்னறைக்குப் போனேன். புளிச்சோறு சாப்பிட்டேன். படுத்தேன்.

இரண்டு முப்பதுக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. செல்போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. எஃப்.எம். இல்லை. பாதி ஆரணி படவேடு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தது. எதிர்த் தெருவில் எப்போதும் கேட்கும் விசைத்தறிச் சத்தமும் நின்றுபோயிருந்தது. அத்தனை அமைதியை நான் அந்த ஊரில் கேட்டதில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாற்பது.

சர்... சர்... சர்...

ஷெட்டிலிருந்து வந்தது. எலி என்று நினைத்தேன். எலி இப்படி நிறுத்தி நிறுத்திச் சுரண்டாது. நான்கு சுரண்டல், ஒரு நிறுத்தம். நான்கு சுரண்டல், ஒரு நிறுத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான் அது. பிளேடால் உலோகத்தைச் சுரண்டுகிற சத்தம்.

"யாரது?" என்றேன்.

நின்றது.

எழுந்து போனேன். யாரும் இல்லை. ஷட்டர் நான் இறக்கிய உயரத்திலேயே இருந்தது. வேனுக்குள் குனிந்து பார்த்தேன்... மேனிஃபோல்டைக் காணவில்லை.

இன்ஜினில் இல்லை. மேஜையில் இல்லை. தேடினால், வேனின் பின் சீட்டில் இருந்தது. நான் பொருளைக் கழற்றினால் மேஜையில்தான் வைப்பேன், கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் மேஜைதான். இது பின் சீட்டில், கார்புரேட்டரோடு சேர்த்து, பக்குவமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கேஸ்கட். இரண்டிலும் பேஸ்ட் துளிகூட இல்லை.

அதற்கும் பக்கத்தில் ஒரு பழைய நியூஸ்பேப்பர் விரித்திருந்தது. அதன் மேல் சிவப்புச் சிவப்பாக நூல்கள்.

நூல் இல்லை, பேஸ்ட். சுரண்டி எடுத்த பேஸ்ட்டை யாரோ விரலால் திரித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். தலைமுடியை விடக் கொஞ்சம் கனம். எல்லாம் ஒரே அளவு. ஒன்றை ஒன்று தொடாமல் வரிசையாக வைத்திருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. எவனோ விளையாடுகிறான். ஷட்டரைத் தூக்கி ரோட்டைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. திட்ட ஆள் கிடைக்காமல் வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கேஸ்கட்டைக் கையில் எடுத்தபோது ஓரத்தில் ஒரு விரல் ரேகை தெரிந்தது. என் விரல் பட்டால் கறுப்பாக, கிரீஸாகப் படியும். இது வெளிர்சாம்பல். ஊதினேன், பொடியாகப் பறந்தது. ரேகை சின்னது. என் விரலில் பாதிதான் இருக்கும்.

மூன்று இருபத்தைந்து. மறுபடி பேஸ்ட் போட்டேன். இந்த முறை இன்னும் கனமாக. எனக்கு வீம்பு வந்தால் அப்படித்தான். மாட்டினேன், கையால் முறுக்கினேன், ஷட்டரை முழுக்க இறக்கி உள்ளே தாழ் போட்டேன். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் வந்தது, அது போதும். ஸ்டூலைப் போட்டு வேனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒன்றும் இல்லை. தொண்டை வறண்டது. மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பின்னறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே...

சர்... சர்... சர்... சர்...

சொம்பு கையிலிருந்து விழுந்தது. ஓடினேன்.

நான்கு மணி. இரண்டே நிமிடம்.

மேனிஃபோல்டு பின் சீட்டில் இருந்தது. பேஸ்ட் இல்லை. நியூஸ்பேப்பரில் நூல்கள் இரண்டு மடங்காகியிருந்தன.

முறுக்கிய போல்ட்டுகளைக் கழற்றவே எனக்குப் பத்து நிமிடம் ஆகும். சுரண்டுவது வேறு. தாழ் போட்டது போட்டபடி இருந்தது. உள்ளே நான் மட்டும்தான்.

உடம்பு முழுக்க வியர்த்தது. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த மெட்டி ஞாபகத்துக்கு வந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு அந்தப் பெண் இந்தப் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். நான் இந்த வேலையை முடிக்காவிட்டால் வேறு யாரும் முடிக்கப்போவதில்லை.

மேனிஃபோல்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். டியூப்பைத் திறந்தேன்.

நான்கு பன்னிரண்டு.

சர்... சர்...

மேனிஃபோல்டு என் மடியில் இருக்கிறது. கேஸ்கட் என் கையில் இருக்கிறது. சுரண்ட அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் சுரண்டும் சத்தம்...

பின் சீட்டிலிருந்து.

வேனின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. யாரோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததைப் போல.

பிறகு மூச்சு.

ஹக்... ஹக்... ஹக்...

மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறி வந்தவர் வாங்குவதைப் போல. இழுக்கிறது, விட முடியவில்லை. அதற்கு நடுவிலும் சுரண்டல் நிற்கவில்லை.

நான் நிமிரவில்லை. வேனின் முன் கண்ணாடி என் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதைப் பார்க்கவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் பார்க்கமாட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பயந்தேன், உண்மை. ஆனால் அந்தச் சத்தம் போய்விடக் கூடாது என்றும் இருந்தது. சங்கீதா இருந்த காலத்தில், நான் இங்கே வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னறையில் அவள் எதையாவது நறுக்கிக்கொண்டிருப்பாள். பேசமாட்டோம். ஆனால் ஆள் இருக்கிறது என்று தெரியும். இரண்டு வருடம் கழித்து, அந்தக் கொட்டகையில் அன்றைக்குத்தான் மறுபடி எனக்கு அப்படி இருந்தது. அழுகை வந்தது. அழுதேன்.

டியூப்பை கேஸ்கட்டுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

சுரண்டல் வேகமானது. சர்சர்சர்சர்...

தூரம் எடுத்தேன். மெதுவானது.

கிட்டே... வேகம். மூச்சும் வேகம்.

தூரம்... மெதுவாக.

"போட வேணாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சத்தம் நின்றது.

மூச்சும் நின்றது.

"சரிம்மா... போடல."

ஏன் 'அம்மா' என்றேன் என்று எனக்குத் தெரியாது.

டியூப்பை மூடி, சுவரோரம் உருட்டிவிட்டேன். கேஸ்கட்டைத் துடைத்து அப்படியே வைத்தேன். மேனிஃபோல்டைத் தூக்கினேன். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் முதல் போல்ட்டைப் பிடிக்க வைக்க வேண்டும். தனியாகச் செய்தால் ஒரு முனை தொங்கும், கேஸ்கட் நகரும். நான் எப்போதும் கட்டையை முட்டுக் கொடுத்துச் சமாளிப்பேன்.

அன்றைக்குக் கட்டை வைக்கவில்லை. மறந்துவிட்டேன்.

அந்த முனை தொங்கவில்லை.

நான் இந்தப் பக்கம் முதல் போல்ட்டைப் போட்டேன். இரண்டாவதைப் போட்டேன். அந்தப் பக்கம் அசையாமல் நின்றது. என் கை மேல் ஜில்லென்று ஏதோ உரசியது.

குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

எல்லா போல்ட்டும் முறுக்கி முடித்தபோது மணி ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது. எதிர்த் தெருவில் யாரோ டிவி போட்டார்கள். தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓட விட்டேன். நாற்பது நிமிடம் ஓடியது. ஒரு சொட்டு கசியவில்லை. ஏழு மணிக்குச் சொன்னபடி வேனை ஜெயக்குமார் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து, "ஒடம்பு சரியில்லையாண்ணா?" என்றார். வெயில் என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு போன் வந்தது. வேலூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை. சாவித்திரி இப்போது வாரத்துக்கு மூன்று நாள் போய் வருகிறார், நன்றாக இருக்கிறார்.

இதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. மூன்று வாரம் ராத்திரி தூக்கமில்லை. கடைசியில் ஜெயக்குமாரிடம், இந்த வண்டியை யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். சேவூரில் பச்சையப்பன் என்று ஒரு தறிக்காரர், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, அப்போது வண்டி வெள்ளை, சாம்பல் பெயிண்ட் அடித்தது தான்தான் என்றார்.

அந்த சிவப்பு நூல்களில் நாலைந்தைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு சேவூர் போனேன்.

பச்சையப்பனுக்கு அறுபது வயது இருக்கும். வீட்டில் வேறு யாரும் இல்லை. தறியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உட்காரச் சொன்னார். வேன் விஷயமாக வந்தேன் என்றேன். தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் ஒரு நூலை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். உருட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இத எங்க எடுத்த?" என்றார்.

சொன்னேன். அழுகையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் ரேகையைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"கற்பகம்" என்றார். "எம் பொண்டாட்டி. பாவு புணைக்கறவ. தறியில நெடுக்க ஓடற பழைய பாவு முடிஞ்சா புதுப் பாவு நூல ஒண்ணொண்ணா திரிச்சு சேக்கணும்ப்பா. விரல்ல சாம்பல் தொட்டுகினு திரிப்பாங்க. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் இழை, மூவாயிரம் இழை. கையில எது கெடச்சாலும் திரிச்சுகினே இருப்பா. சும்மா இருக்கத் தெரியாது அவளுக்கு."

கொரோனா இரண்டாம் அலை. ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. கற்பகத்துக்குக் காலையிலிருந்து மூச்சு வாங்கியது. பச்சையப்பனே வேனை எடுத்துக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினார். கண்ணமங்கலம் தாண்டி இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. கொண்டுபோன போனில் சார்ஜ் கிடையாது. வண்டியில் இருந்த ஸ்பானரால் அவரே மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தார்.

"செவப்பு பேஸ்ட்டுப்பா. உள்ளாற பிதுங்கி, தண்ணி போற ஓட்டைய அடைச்சிகினு நின்னுச்சு. பாதி பிஞ்சு உள்ளயே போயிட்டு கீது. அப்புறம் தண்ணி எப்டி ஓடும்? தண்ணி கேட்டுகினு, வண்டி கேட்டுகினு நான் கெளம்பினேன். 'அத இப்டி மடியில வைங்க, நான் சொரண்டிகினு இருக்கேன், ஜல்தியா வாங்க'ன்னா. பின் சீட்ல உக்காந்துகினு இருந்தா. அப்போ ரெண்டு மணி இருக்கும்."

திரும்பி வரும்போது நான்கரை. கூட ஒரு டிராக்டர்காரர். கற்பகம் பின் சீட்டிலேயே சாய்ந்திருந்தார். உயிர் இல்லை.

அவர் சொல்லி முடித்த பிறகும் எனக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. கேட்காமல் எழுந்து வந்திருக்கலாம். பதில் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"அந்த பேஸ்ட்ட போட்ட மெக்கானிக்கு யாருங்க?"

பச்சையப்பன் நூலைத் தீப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நீதாம்ப்பா" என்றார். கோபமே இல்லை. "அதுக்கு நாலு நாளைக்கு முன்னாடி உங்கிட்டதான் உட்டேன். வெள்ள வண்டி. ஒனக்கு ஞாபகம் இருக்காது. தெனம் எத்தன வண்டி பாக்கற. தெரிஞ்சா செஞ்ச? நான் யாருகிட்டயும் சொல்லல."

அவர் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தூக்கவும் இல்லை. இருபத்திரண்டு வருடம், எத்தனை வண்டி, எத்தனை டியூப்... எது எங்கே நின்றதோ, பின் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்களோ. அன்று ராத்திரி சங்கீதாவுக்கு போன் செய்தேன். "இன்னா ஆச்சு?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

ஆனால் அதற்கு முன், சேவூரிலிருந்து நான் கிளம்பும்போது பச்சையப்பன் வாசல் வரை வந்தார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு சந்தேகம்ப்பா. நாலு வருஷமா கேக்க ஆள் இல்ல. ஒனக்குத்தான் தெரியும்" என்றார்.

"கேளுங்க."

"டாக்டரு இன்னா சொன்னாருன்னா, நான் கெளம்பின பத்து நிமிஷத்துலயே அவளுக்கு உசிரு போயிட்டிருக்கணுமாம். ஒடம்பு அப்டி வெறச்சிருந்துச்சாம். நான் வந்து பாக்கறேன், மேனிஃபோல்டு பளபளன்னு கீது. ஒரு பொட்டு பேஸ்ட்டு இல்ல. மடியில செவப்பு நூலு, ஒரே அளவுல, வரிசையா. ரோட்ல அன்னிக்கி ஒரு மனுஷாளும் கெடையாது."

அவர் என் கைகளைப் பார்த்தார்.

"அத அவ்ளோ சுத்தமா சொரண்டி எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். குறைத்துச் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

"ஒண்ணரை மணி நேரம் ஆவுங்க" என்றேன்.